இரண்டாகத் தைத்த சீட்

"திங்கட்கிழமைக்குள்ள சொல்லிடுங்க அண்ணி. சின்னதா, பெருசா? ரெண்டையும் வச்சுக்க இங்க எடம் இல்ல," என்றான் கொழுந்தன்.

அவனுடைய மெக்கானிக் பட்டறைக்கும் அவளுடைய வண்டிச் சீட் தைக்கிற கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். பட்டறையில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று, யாரோ விற்கக் கொடுத்திருந்த சின்ன குரூசர் பைக். தாழ்ந்த சீட்டும் அகலமான ஹேண்டிலுமாக, சந்து பொந்தெல்லாம் பூனை மாதிரி நுழைந்து வரக்கூடியது. மற்றது தொலைதூரம் போகிற கனமான டூரிங் வண்டி. முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் பெட்டி மாட்ட இரும்புச் சட்டம். நின்ற இடத்திலிருந்து நகர்த்தவே இரண்டு பேர் வேண்டும். அது அவள் புருஷனுடைய வண்டி. அவர் செத்ததும் அந்த வண்டியில்தான்.

அவளுடைய பழைய கியர் ஸ்கூட்டர் நடு ரோட்டில் உயிரை விட்டிருந்தது. வண்டி இல்லாமல் அவளுக்குத் தொழில் இல்லை. பட்டறை பட்டறையாகப் போய் அளவெடுக்க வேண்டும், கிழிந்த சீட்டைக் கழற்றி வரவேண்டும், தைத்துக் கொண்டுபோய் மாட்டவேண்டும். இதைப் பார்த்த கொழுந்தன், தார்ப்பாய்க்குள் பல வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்த அண்ணன் வண்டியை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சரிபண்ணி நிறுத்திவிட்டான். அண்ணன் நினைவாக ஏதாவது செய்யவேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதே சமயம் அவளால் அதை ஓட்ட முடியாது என்றும் அவனுக்குத் தெரியும். அதனால்தான் குரூசரையும் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினான். நல்ல பையன். ஆனால் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு அதற்கு எதிர்க்காரியத்தையும் தானே செய்கிற பையன்.

பார்த்த யாரும் யோசிக்காமல் சின்ன வண்டியைத்தான் கைகாட்டியிருப்பார்கள். அவளும் அவ்வளவு சின்ன உருவம். ஆனால் அந்தப் பெரிய வண்டியிடம் அவளுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருந்தது. இத்தனை வருஷமும் கேட்கப் பயந்துகொண்டிருந்தாள்.

ஊரில் பாதிப்பேர் அவள் தைத்த சீட்டில்தான் உட்கார்ந்து போகிறார்கள். யாருக்கும் அவள் பெயர் தெரியாது, எல்லோருக்கும் சீட்டக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். அதற்கெல்லாம் அவள் கோபித்துக்கொள்வதில்லை. கோபம் வருவதே அபூர்வம், வந்தால் வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். கத்தித் தீர்க்கிறவர்களோடு எப்படியும் குடும்பம் நடத்திவிடலாம். இந்த மாதிரி ஊமைக் கோபக்காரர்களிடம் மாட்டிக்கொண்டவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பை தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். வண்டி உதிரிபாகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒருவர், ஒருநாள் கிழிந்த சீட் உறையோடு வந்து நின்றார். தைத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் வேறொரு இடத்தில் கிழிந்து வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. மூன்றாவது தடவை அவள் கிழிசலை விரலால் விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இது தேய்ஞ்சு கிழிஞ்சது இல்ல. பிளேடால கிழிச்சது. யார் கிழிச்சாங்க?"

"நான்தான். வேற எப்படி இங்க வர்றது?" என்றார் அவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அப்படிப்பட்ட வாய். அந்த வாய் ஓய்ந்து அவள் பார்த்ததே இல்லை. கல்யாணம் முடிந்து அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பியவர், வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார். ரோட்டைப் பற்றி, மேகத்தைப் பற்றி, எதிரே வந்த லாரிக்காரனின் மீசையைப் பற்றி. ஹெல்மெட்டுக்குள் பாதி காற்றோடு போய்விடும். கேட்கிறாளா இல்லையா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் தன் ஹெல்மெட்டால் அவர் ஹெல்மெட்டை லேசாக ஒரு முட்டு முட்டுவாள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம். முட்டு விழுந்ததும் அவர் அடுத்த கதைக்குப் போய்விடுவார். பாதி நேரம் அவள் ஒன்றையும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்போது அவர்களிடம் இருந்ததும் ஒரு சின்ன வண்டிதான். ஒரே நீளச் சீட். அவள் கால் மாற்றி வைத்தால்கூட அவருக்குத் தெரியும். "தூங்காதே, வண்டி சாயுது" என்பார். "பசிக்குதா? நெளியுற" என்பார். முதுகிலேயே கண் வைத்திருக்கிற மனுஷன் என்று அவள் நாத்தனாரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

தொலைதூரம் போகவேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்தபோதுதான் அந்தப் பெரிய வண்டி வீட்டுக்கு வந்தது. அவளுக்கு அதைப் பிடிக்கவில்லை. இருந்தாலும் சீட்டை அவளே தைத்தாள், வேறு யாரையும் தொடவிடுவாளா? இருந்த சீட்டைப் பிரித்து ஃபோமை இரண்டாக அறுத்தாள். முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. நடுவில் மரப்பலகையும் கனமான ரப்பரும் வைத்து, பின்பக்கத்தைப் படி மாதிரி உயர்த்தி, சாய்ந்துகொள்ள முதுகுத் திண்டும் வைத்தாள். தான் பின்னால் எவ்வளவு நெளிந்தாலும் முன்னால் ஓட்டுகிறவருக்கு அலுப்புத் தெரியக்கூடாது என்பது அவள் எண்ணம். அவள் தைத்ததிலேயே அதுதான் நல்ல சீட் என்று பட்டறைக்காரர்கள் எல்லோரும் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நீ ஏறினதே தெரியலடி, ஆள் இருக்கியா இல்லையான்னு முட்டு வந்தாத்தான் தெரியுது," என்றார் அவர். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அந்த நாளைப் பற்றி அவள் வீட்டாரிடம் சொன்னது இவ்வளவுதான். அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அவருக்கு வேறு அவசர வேலை இருந்தது. அங்கிருந்து நடக்கிற தூரம்தான் என்று அவளை இறக்கிவிட்டுக் கிளம்பினார். கேட் தாண்டிய வளைவில் எதிரே வந்த தண்ணீர் லாரியில் மோதினார்.

லாரி டிரைவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதுகொண்டே சொன்னார். "அவர் பின்னாடி திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே வந்தாருங்க. நான் ஹாரன் அடிச்சேன். காதுலயே வாங்கல."

இந்த இரண்டையும் சேர்த்துக் குடும்பம் ஒரு கதை கட்டிக்கொண்டது. பொண்டாட்டியை விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார் என்று. குறிப்பாக நாத்தனார், அவருடைய கடைசித் தங்கை, வீட்டில் எல்லோருக்கும் பாப்பா, எங்கே போனாலும் இதைச் சொல்லுவாள். "எங்கண்ணன் மாதிரி பொண்டாட்டிமேல உசுரா இருந்தவன் யாரு?" என்று சொல்லி மூக்கைச் சிந்துவாள். கேட்கிறவர்கள் சீட்டக்காவைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். துக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவர் அவளை இறக்கிவிடவில்லை. அவளாகத்தான் இறங்கினாள்.

அன்று அவர் வழி தப்பிவிட்டார். தப்பியது ஒன்றும் பெரிய விஷயமில்லை. யாரிடமாவது கேளுங்கள் என்று அவள் சொன்னாள், கேட்கவில்லை. வழி கேட்டால் இந்த ஆண்களுக்கு என்ன குறைந்துபோய்விடுமோ தெரியவில்லை. ஊரைச் சுற்றிச் சுற்றி மறுபடியும் அதே கேட்டுக்கு வந்து நின்றார்கள். அப்போதும் அவர், கேட்டைத் தாண்டிப் போவதுதான் குறுக்கு வழி என்று சாதித்துக்கொண்டிருந்தார். அக்கா வீடு கேட்டுக்கு இந்தப் பக்கமே கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சரக்கு ரயில் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது, தரையெல்லாம் அதிர்ந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவள் அவர் தோளைத் தொடாமல், பின்னாலிருந்த இரும்புச் சட்டத்தைப் பிடித்துச் சறுக்கி இறங்கி, வாயைத் திறக்காமல் ஓரமாக நடந்துவிட்டாள். கேட் திறந்ததும் வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. போகட்டும் என்றுதான் நினைத்தாள். நான் இறங்கியது தெரிந்தும் நிற்காமல் போகிறார் பார் என்று அவள் கோபம் இன்னும் ஏறியது.

தெரிந்துதான் போனாரா? இதுதான் அவளைப் பிடித்து ஆட்டிய கேள்வி. தெரிந்து போயிருந்தால், அவரும் கோபமாகப் போனார், மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்தார், விதி என்று அவள் ஆறிக்கொள்ளலாம். தெரியாமல் போயிருந்தால் கதையே வேறு. பேசிக்கொண்டே போயிருப்பார். பேச்சு முடிந்ததும் முட்டுக்குக் காத்திருந்திருப்பார். முட்டு வரவில்லை.

அவர் போனதிலிருந்து அவள் கழுத்து அவளுடையதாக இல்லை. ஸ்கூட்டரில் போகும்போது பின்மண்டையில் குறுகுறுக்கும், யாரோ முட்ட வருகிற மாதிரி. பட்டறையில் காற்றுப் பிடிக்கும் மெஷின் ஓடும்போது, அந்த இரைச்சலுக்கு அடியில் ஒரு பேச்சு கேட்கும். வார்த்தை புரியாது, ஆனால் ஒவ்வொரு பேச்சும் முடிந்து நிற்பது மட்டும் தெரியும். பதிலுக்காக நிற்பது தெரியும். மெஷினை நிறுத்தச் சொல்லிக் கொழுந்தனிடம் கத்துவாள். தார்ப்பாய் மூடிய அந்த வண்டி சுவரோரம் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். அந்தப் பக்கம் போகவேண்டியிருந்தால் தெருவைச் சுற்றிக்கொண்டு போவாள்.

இப்போது அது தார்ப்பாய் இல்லாமல், துடைத்துப் பளபளவென்று நின்றது. முதல் தடவையாக அவள் அதன் சீட்டைக் கழற்றித் தன் கடை மேஜைமேல் வைத்தாள். உறையைப் பிரித்தாள். கால் எட்டவேண்டுமானால் முன்பக்க ஃபோமைச் சீவிக் குறைக்கவேண்டும். அங்கே அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. பின்பக்கம் தைத்த அன்றைக்கு இருந்த மாதிரியே மேடாக இருந்தது. கத்தியை எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். மறுபடியும் உறையைப் போட்டு ஆணி அடித்து, சீட்டை வண்டியில் மாட்டிவிட்டு, கனத்த அடிப்பாகம் வைத்த பூட்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்கு வேலை இல்லை. அவள் ஒரு பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறவள். வாட்டசாட்டமான உடம்பு, அதை அவளே கேலி பண்ணிக்கொள்வாள்.

"ரெண்டு வண்டியையும் ஓட்டிப் பார்க்கணும் பாப்பா. பின்னாடி ஆள் இருந்தா எப்படி இருக்குன்னு தெரியணும். வர்றியா?"

"எடை போட என்னையா கூப்பிடுற அண்ணி? வண்டி ரெண்டும் படுத்துடும்."

"வழியில எங்கயாவது நிக்கும்போது சொல்லாம இறங்கிடணும். எங்கன்னு உன் இஷ்டம். என் தோளைப் பிடிக்காத. பின்னாடி இருக்கிற சட்டத்தைப் பிடிச்சு மெதுவா இறங்கு. எனக்குத் தெரியுதான்னு பார்க்கணும்."

"சீட் தைக்கிறதுக்கு இவ்ளோ சோதனையா?" என்றாள் பாப்பா. சிரித்துக்கொண்டேதான் ஏறினாள்.

முதலில் குரூசர். வண்டி கையில் சொன்னபடி கேட்டது, வளைத்த பக்கம் வளைந்தது. ரயில்வே கேட்டில் நின்றார்கள். ரயில் போய்க்கொண்டிருந்தது. பாப்பா பின்கம்பியில் கை வைத்த உடனேயே அவளுக்கு இடுப்பில் தெரிந்துவிட்டது. கால் தரையில் படுவதற்குள் "இறங்காத, தெரிஞ்சுடுச்சு" என்றாள். திரும்பி வரும்போது சந்தைக்குப் பக்கத்தில் பாப்பா இன்னொரு தடவை முயன்றாள். அப்போதும் தெரிந்தது. பாப்பாவுக்கு இது விளையாட்டாகிவிட்டது.

பிறகு பெரிய வண்டி. கொழுந்தன் பிடித்துக்கொள்ள அவள் முன்னால் ஏறினாள், பாப்பா பின்னால். பூட்ஸ் நுனிதான் தரையைத் தொட்டது. அவருடைய பள்ளத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். வண்டி நகர்ந்ததும் கனம் போன இடம் தெரியவில்லை. அவ்வளவு அமைதியாக ஓடியது. மார்க்கெட்டில் நின்றாள், பாலத்தடியில் நின்றாள். ஒவ்வொரு தடவையும் பாப்பா இருக்கிறாளா என்று முதுகைத் தீட்டிக்கொண்டு கவனித்தாள். முதுகுக்குப் பின்னால் பலகையும் ரப்பரும்தான் இருந்தன. அவள் வைத்த பலகை, அவள் வைத்த ரப்பர். இறங்கிவிட்டாள் என்று நினைத்தால் பாப்பா தும்முவாள், இருப்பது தெரியும்.

கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் வந்தது. தரை அதிர்ந்தது, வண்டி அதிர்ந்தது. அவர் பேசிய மாதிரியே தானும் பேசிப் பார்க்கவேண்டும் என்று அவள் பேச ஆரம்பித்தாள். பேக்கரி முதலாளியைப் பற்றி, ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பாப்பா மகளின் படிப்பைப் பற்றி. கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கியரைப் போட்டாள். தண்டவாளத்தைத் தாண்டி, மரங்களைத் தாண்டி, பேசிக்கொண்டே போனாள்.

"ஹாஸ்டல்ல சாப்பாடு நல்லா இருக்காமா?" என்று கேட்டாள்.

தும்மல்கூட வரவில்லை.

"பாப்பா?"

அவள் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. எதிரே வளைவு வந்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, திரும்பாமல், பிரேக்கைப் பிடித்து ஓரத்தில் நிறுத்தினாள். அப்புறம்தான் பார்த்தாள். பின்சீட் காலியாக இருந்தது. தூரத்தில், கேட்டுக்கு இந்தப் பக்கம், பாப்பா கையை ஆட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்துகொண்டிருந்தாள். பாப்பாவின் உடம்பு இறங்கியதே தெரியவில்லை என்றால், தன் உடம்பு எம்மாத்திரம்.

சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருஷத்தில் அப்படி அழுததில்லை.

"என்ன அண்ணி, விழுந்துட்டியா? அடி பட்டுச்சா?" என்று ஓடிவந்தாள் பாப்பா.

"உங்கண்ணன் என்னை இறக்கிவிடல பாப்பா. கோவிச்சுக்கிட்டு நானாத்தான் இறங்கினேன். இப்ப நீ இறங்கின மாதிரி. அவருக்குத் தெரியாது. உங்ககிட்டல்லாம் பொய் சொன்னேன்."

பாப்பா நின்ற இடத்திலேயே நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வளைவைப் பார்த்தாள், காலிச் சீட்டைப் பார்த்தாள். அவளுக்கு நிதானமாகத்தான் எதுவும் விளங்கும், விளங்கினால் முழுசாக விளங்கிவிடும்.

"அப்போ அண்ணன் உன்னை ஆசையாத் திரும்பிப் பார்க்கல."

"இல்ல."

"நீ வண்டியிலேருந்து விழுந்துட்டேன்னு நினைச்சிருப்பான்," என்றாள் பாப்பா.

சீட்டக்காவுக்கு இது தோன்றியதே இல்லை. முட்டு வரவில்லையே என்று திரும்பியிருப்பார் என்று மட்டும்தான் நினைத்திருந்தாள். ஓடுகிற வண்டியில் திரும்பிப் பார்த்து, பின்னால் ஆள் இல்லை என்றால் ஒரு மனுஷன் வேறு என்ன நினைப்பான்? ரோட்டில் எங்கோ அவள் அடிபட்டுக் கிடக்கிறாள் என்று நினைத்துத் தேடியிருக்கிறார். அந்த நினைப்போடேயே போயிருக்கிறார். அவளோ அந்த நேரத்தில் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்ததும் பட்டறை வாசலில் இறங்கிய பாப்பா ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"சின்னண்ணன்கிட்ட நான் சொல்லமாட்டேன் அண்ணி. ஆனா அந்தக் கதைய இனிமே நான் யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்."

சொன்ன மாதிரியே இருந்தாள். அவள் வீட்டுக்கு வருவதும் போவதும் நிற்கவில்லை. அண்ணி என்று கூப்பிடுவதும் நிற்கவில்லை. ஆனால் அண்ணன் பேச்சு வந்தால் எழுந்துபோய் வேறு வேலை பார்ப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் சீட்டக்காவுக்கு, அவரை இரண்டாவது தடவை பறிகொடுத்த மாதிரி இருக்கும்.

திங்கட்கிழமை கொழுந்தன் குரூசரைத் துடைத்துச் சாவியோடு தயாராக வைத்திருந்தான்.

"பெருசு," என்றாள் அவள்.

"அண்ணி, விளையாடாதீங்க. உங்க கால் எட்டல. நாளைக்கு எங்கயாவது சாய்ச்சீங்கன்னா தூக்க ஆள் தேடணும்."

"தேடிக்கிறேன். சின்னதுல பின்னாடி ஆள் இல்லேன்னு தெரிஞ்சுக்கிட்டே இருக்கு தம்பி. இதுல தெரியல."

"அது ஷாக் அப்சார்பர் மாத்தினேன்ல, அதான்," என்றான் அவன் பெருமையாக. அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

இப்போது அவள் அந்த வண்டியில்தான் பட்டறை பட்டறையாகப் போகிறாள். இரண்டு தடவை சாய்த்திருக்கிறாள், தெருவே கூடித் தூக்கிவிட்டது. பின்பக்கம் யாரையும் ஏற்றிக்கொள்வதில்லை. கழற்றிய சீட்டுகளைக்கூட பெட்டிச் சட்டத்தில்தான் கட்டுகிறாள், பின்சீட்டில் வைப்பதில்லை. போகும்போது பேசிக்கொண்டே போகிறாள். சிக்னலில் பக்கத்தில் நிற்கிறவர்கள் போனில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எத்தனையோ வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தவள். இன்றைக்கு ரோடு, மேகம், லாரிக்காரன் மீசை எதையும் விடுவதில்லை.

அந்தக் கேட் மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் அங்கே நிறுத்துவாள். இரண்டு பூட்ஸ் நுனியையும் தரையில் ஊன்றிக்கொள்வாள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள், சிலர் திட்டிவிட்டுப் போவார்கள்.

"நான் விழலைங்க," என்பாள் அவரிடம். "கோவத்துல இறங்கினேன், அவ்வளவுதான். எனக்கு ஒண்ணும் ஆகல."

சொல்லிவிட்டுக் கழுத்தைத் தளர்த்திக்கொண்டு, பின்னாலிருந்து ஒரு முட்டு விழுகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருப்பாள். திரும்பிப் பார்க்கமாட்டாள். பிறகு கியரைப் போட்டுக் கிளம்புவாள்.